சேஸி நம்பர் கேட்க ஆரம்பித்த பிறகு

சென்னை புதுப்பேட்டையில் எனக்குப் பழைய கார் உதிரிபாகக் கடை. இணையதளத்தில் ஒரு விசாரணைப் படிவம் வைத்திருந்தேன். "ஸ்விஃப்ட் ஹெட்லைட் இருக்கா?" இவ்வளவுதான் வரும். 2005-இல் வந்து, 2011, 2018, 2024 என மூன்று முறை உருவம் மாறிய வண்டி அது. எந்த லைட்டை அனுப்புவது? குத்துமதிப்பாக அனுப்பி, பார்சல் திரும்பி வரும். மதுரைக்குப் போன ஒன்று, லைட்டை வண்டியில் மாட்டும் காது உடைந்து வந்தது. அன்றைக்கு மனசே விட்டுப்போயிற்று.

அப்புறம் படிவத்தில் சேஸி நம்பரை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணை, கட்டாயமாக்கினேன். எந்த மாடல் வண்டி என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஆர்சி புத்தகத்திலேயே இருக்கும், எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 17. அதிலும் ஒரு சிக்கல்: சைபருக்குப் பதில் ஓ என்று அடித்துவிடுகிறார்கள். சேஸி நம்பரில் ஐ, ஓ, க்யூ மூன்று எழுத்தும் வரவே வராது. அதனால் ஓ அடித்தால் 'சைபரா என்று பாருங்கள்' என்று படிவமே சொல்லும்படி செய்தேன். 17-க்குக் குறைந்தாலும் நகராது.

இடது, வலது என்று கேட்பதையும் விட்டேன். வண்டிக்கு முன்னால் நின்று பார்ப்பவருக்கு அது தலைகீழ். இப்போது 'டிரைவர் பக்கமா, அடுத்த பக்கமா?' என்று கேட்கிறேன். கூடவே, கழற்றிய பாகத்தின் பின்புறம் பதித்திருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்து இணைக்க ஓர் இடம்.

விசாரணைகள் கொஞ்சம் குறைந்தன, உண்மைதான். ஆனால் வருகிறவர்கள் வாங்குகிறார்கள். போன வாரம் அதே மதுரைக்காரர் பம்பர் கேட்டு எழுதியிருந்தார், சேஸி நம்பரோடு.