மிச்சிகன் ஏரிக்கரையில் குளிர்கால அஸ்தமனம்: படம் எடுக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் இருக்கும் மிச்சிகன் ஏரியை ஏரி என்று சொல்ல வாய் வராது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது, அலை அடிக்கும், கரையெல்லாம் மணல். கிராண்ட் ஹேவன், செயின்ட் ஜோசப் மாதிரி கிழக்குக் கரை ஊர்களில் சூரியன் தண்ணீருக்குள்தான் இறங்கும். அலைத்துளிகள் பட்டுப் பட்டு உறைந்து, கலங்கரை விளக்கமே பனிக்கட்டியைப் போர்த்திக்கொண்டு நிற்கும் ஜனவரி மாலையைப் படம் பிடிக்க யாருக்குத்தான் ஆசை வராது?

அந்த ஆசையில்தான் பெரிய தவறு நடக்கிறது. கரையை ஒட்டி மேடும் பள்ளமுமாக வெள்ளையாகக் கிடப்பதைத் தரை என்று நம்பி, நல்ல கோணம் தேடி நடந்து போகிறார்கள். அது தரை இல்லை. அலை தள்ளிவிட்ட பனிக்கட்டிகளும் தெறித்து உறைந்த நீரும் சேர்ந்து கட்டிய திட்டு. உள்ளே பொந்து இருக்கும், அடியில் தண்ணீர் அலையடிக்கும். புதுப்பனி விழுந்து ஓட்டைகளை மூடியிருந்தால் எதுவும் தெரியாது. உள்ளே விழுந்தவர் வழுக்கும் விளிம்பைப் பிடித்து ஏறி வருவது லேசில்லை. மணல் எங்கே முடிகிறது என்று சந்தேகமா, பின்னாலேயே நில்லுங்கள், தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ் போதும். ஆனால் லென்ஸில் நுழையும் ஒளியே நேராகக் கண்ணுக்கு வரும் எஸ்எல்ஆர் கேமராவில் டெலி லென்ஸை மாட்டிக்கொண்டு, கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வழியாகச் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். கண் போய்விடும். திரையில் பார்த்தால் போதும்.

உதிரி பாட்டரியைக் கேமராப் பையில் வைப்பது அடுத்த தவறு. மைனஸ் 15 டிகிரியில் முழு சார்ஜும் மளமளவென்று இறங்கும். உதிரி பாட்டரி உடம்போடு ஒட்டிய சட்டைப் பையில் இருக்கட்டும். செத்துப்போனதையும் எறிந்துவிடாமல் அதே பையில் போடுங்கள், சூடு ஏறியதும் இன்னும் நாலு படம் தரும். போனுக்கும் இதே வைத்தியம்தான்.

லென்ஸில் தூசி என்று வாயால் ஊதினால் அந்த மூச்சு அங்கேயே உறையும். நிறத்தைக் கேமராவே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பினால் ஆரஞ்சு வானம் வெளுத்துப்போகும், அதைப் பகல் வெளிச்சத்துக்கான டேலைட்டில் வையுங்கள். சூரியன் மறைந்ததும் எல்லாரும் காருக்கு ஓடுகிறார்களே, அதுதான் எனக்குப் புரிவதில்லை. மேகம் இருந்தால் நல்ல நிறம் அதற்குப் பிறகு பத்து, இருபது நிமிடத்தில்தான் வரும். மெல்லிய கையுறைக்கு மேல் தடித்தது ஒன்று போட்டுக்கொண்டால் அதுவரை தாக்குப்பிடிக்கலாம்.

கடைசித் தவறு நான் செய்தது. விறைத்துப்போன கேமராவை நேராக வீட்டுக்குள் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் மாதிரி வியர்த்துவிட்டது. வெளியே வழிந்ததைத் துடைத்துவிடலாம், லென்ஸுக்குள் படிந்ததை என்ன செய்வது? வெளியில் இருக்கும்போதே ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடிவிடுங்கள். ஈரம் கவரின் மேல்தான் படியும். கேமரா வீட்டுச் சூட்டுக்கு வர இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், அதுவரை திறக்கக் கூடாது. அப்புறம், மூடுவதற்கு முன்னால் மெமரி கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். படம் பார்க்க அவ்வளவு நேரம் யாரால் காத்திருக்க முடியும்?