வேலையை விடும் முன் முதல் பில்: பெங்களூரில் ஸ்டார்ட்டப் தொடங்கும் வரிசை

பெங்களூரில் ஸ்டார்ட்டப் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். எச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஒரு கோ-ஒர்க்கிங் சீட், லோகோ, கம்பெனிப் பதிவு, முதலீட்டாளருக்குக் காட்ட ஸ்லைடு எல்லாம் ரெடி. வாங்குகிற ஆள் மட்டும் இல்லை. வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் காசு கொடுக்கும் ஒருவர், அடுத்து கூட்டாளிகளுக்குள் எழுத்து, பிறகு கம்பெனி, அதற்கும் பிறகுதான் ஆளும் ஆபீஸும். ஐடி வேலையில் இருக்கும் இரண்டு பேர், பீன்யா தொழிற்பேட்டையில் ஜாப் ஒர்க் (பிறர் அனுப்பும் பொருளில் கூலிக்கு வேலை) செய்யும் பட்டறைகளுக்கு சாஃப்ட்வேர் விற்க நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தத் தொழில், யாரிடம் கேட்பது

வாரம் இரண்டு முறை நேரில் போய் நிற்க முடிகிற தொழிலாக எடுங்கள். பீன்யா பட்டறை, கலாசிப்பாளையம் லாரி புக்கிங், சிக்பேட்டை ஜவுளி மொத்த வியாபாரம் என்று தமிழ் பேசிக்கொண்டே உள்ளே நுழையக்கூடிய இடங்கள் இந்த ஊரில் உண்டு. ஆனால் முதலாளி தமிழ் பேசினாலும் சூப்பர்வைசரும் கணக்கு எழுதுகிறவரும் கன்னடம் பேசுகிறவராக இருக்கலாம். நாளைக்கு உங்கள் சாஃப்ட்வேரைத் தொடப்போவது அவர்கள்தான். பேசுகிற அளவுக்காவது கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள்.

பீன்யாவில் வலி எங்கே? பெரிய கம்பெனி டெலிவரி சலானோடு (பொருளோடு போகும் சீட்டு) பொருளை அனுப்புகிறது, பட்டறை கடைசலோ பிளேட்டிங்கோ முடித்துத் திருப்பி அனுப்புகிறது. அப்படி அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பவில்லை என்றால், ஜிஎஸ்டி சட்டப்படி அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகி, அனுப்பிய கம்பெனி மீது வரி விழும். அதனால்தான் 'எங்கள் பீஸ் எத்தனை உங்களிடம் நிற்கிறது?' என்று கேட்டு போன் வந்துகொண்டே இருக்கும். பட்டறைக்காரர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

இதைத் தெரிந்துகொள்ளப் பதினைந்து பட்டறைகளாவது ஏறி இறங்க வேண்டும். மாதத்தின் முதல் வாரம் சம்பள நெருக்கடி. 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு. அந்த நாட்களைத் தவிர்த்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் உட்கார்ந்து பேசுவார்கள். 'இப்படி ஒரு ஆப் இருந்தால் வாங்குவீர்களா?' என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'கடைசியாகக் கணக்கு இடித்தது எப்போது? எப்படிச் சரி செய்தீர்கள்? எவ்வளவு போச்சு?' என்று கேளுங்கள். நோட்டைக் காட்டச் சொல்லி, அனுமதியோடு போட்டோ எடுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்காமலேயே பதினைந்தில் ஐந்து பேராவது அதே தொல்லையைச் சொன்னால் மேலே போகலாம்.

நம் ஆட்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். 'நல்லா இருக்கு தம்பி, பண்ணுங்க' என்றால் வாங்க மாட்டார். 'முடிச்சிட்டு வாங்க, பாப்போம்' என்றாலும் அப்படித்தான். 'இதுல ரிஜெக்ட் ஆன பீஸும் வருமா?' என்று குறுக்கே கேட்டால் அவர் ஏற்கெனவே அதைப் பயன்படுத்திப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தால் அன்றே விலை பேசிவிடுங்கள்.

சாஃப்ட்வேர் கோடு (code) எழுதும் முன் கையால் செய்யுங்கள்

2006-ல் இதே ஊரில் தொடங்கிய பஸ் டிக்கெட் தளமான ரெட்பஸ், முதலில் பஸ் ஆபரேட்டர்களுக்கு சாஃப்ட்வேர் கொடுக்கத்தான் பார்த்தது. அவர்கள் அக்கறை காட்டவில்லை. சில சீட்டுகளை மட்டும் வாங்கித் தாங்களே விற்றுக் காட்டிய பிறகுதான் தொழில் நகர்ந்தது. வாங்குகிறவர் கேட்பது கருவியையா, முடிந்த வேலையையா என்பது இப்படிச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

பீன்யா உதாரணத்தில் மூன்று பட்டறை, நான்கு வாரம் போதும். சாயங்காலம் அன்றைய சலான்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பச் சொல்லுங்கள். ராத்திரி கூகுள் ஷீட்டில் நீங்களே ஏற்றி, காலை எட்டு மணிக்கு 'யாருடைய பொருள், எத்தனை பீஸ், எத்தனை நாளாக நிற்கிறது' என்று ஒரு பக்கக் கணக்கு அனுப்புங்கள். ஒரே பார்ட்டியின் பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். 200 பீஸ் வந்து 188 போயிருக்கும், மீதி 12 ஸ்கிராப்பா ரீஒர்க்கா என்று எங்கும் இருக்காது. ஒரே சலானுக்கு நாலு தவணையாகப் பொருள் திரும்பியிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் இவை ஒன்றும் வராது. சாஃப்ட்வேர் எப்படி இருக்க வேண்டும் என்பதை இந்த ஷீட்தான் சொல்லித்தரும்.

இரண்டாவது வாரமே காசு கேளுங்கள். மாதம் 1,500 ரூபாய், மூன்று மாதம் முன்பணம் என்று வைக்கலாம். இலவசமாக வாங்கியவர் குறை சொல்லாமல் நிறுத்திவிடுவார். காசு கொடுத்தவர்தான் போன் போட்டுத் திட்டுவார், உங்களுக்கு வேண்டியது அந்தத் திட்டுதான். விலை ஒரு வரியில் புரிய வேண்டும். 2010-ல் பெங்களூரில் தொடங்கிய பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, ஒரு டிரேடுக்கு இவ்வளவுதான் என்று நிலையான கட்டணம் வைத்து, வெளி முதலீடு வாங்காமலேயே வளர்ந்தது.

பில் போட கம்பெனி வேண்டாம். தனிநபராகவே போடலாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வாங்குகிறவர் இன்புட் கிரெடிட் (உங்களுக்குக் கொடுத்த ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) கேட்டால் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் பதிவு செய்த பிறகு வியாபாரம் இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். மறந்தால் நில் ரிட்டர்னுக்கே நாளுக்கு 20 ரூபாய் அபராதம்.

இப்போது பார்க்கும் வேலையின் ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். வெளிவேலை செய்யக் கூடாது, வேலைக்காலத்தில் உருவாக்கியதெல்லாம் கம்பெனிக்கே என்ற வரிகள் அதில் இருக்கலாம். இருந்தால் வேலையை விடும் நாளை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரி கோடுகூட எழுத வேண்டாம்.

கூட்டாளிகளுக்குள் எழுத்து

ஒரே காலேஜ், ஒரே ரூம், எதற்குப் பத்திரம் என்று விடுவதுதான் பிறகு வெடிக்கிறது. ஆளுக்குப் பாதி என்று பிரித்து, எட்டாவது மாதத்தில் ஒருவர் அமெரிக்க வேலை கிடைத்துப் போய்விட்டால், வேலையே செய்யாத ஒருவரிடம் பாதிக் கம்பெனி நிற்கும். அதைப் பார்த்தால் முதலீட்டாளர் கையெழுத்துப் போடத் தயங்குவார்.

வழக்கமான ஏற்பாடு நான்கு வருட வெஸ்டிங் (பங்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாவது), முதல் வருடம் கிளிஃப். அதாவது 12 மாதத்துக்குள் போனால் ஒன்றும் கிடையாது; 12 மாதம் முடிந்ததும் 12/48 சேர்ந்து வரும், அதன் பிறகு மாதம் 1/48. 18-ம் மாதம் போகிறவருக்கு அவருடைய 50 சதவீதத்தில் 18/48, அதாவது மொத்தக் கம்பெனியில் 18.75 சதவீதம். மீதியை முகமதிப்புக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதைப் பங்குதாரர் ஒப்பந்தத்தில் மட்டும் எழுதினால் போதாது, கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸிலும் (உள்விதிகள்) ஏற்றச் சொல்லுங்கள். யார் எப்போது வேலையை விடுவது, இருவரும் ஒத்துப்போகாவிட்டால் யார் சொல் கடைசி என்பதும் அதிலேயே வரட்டும்.

கோடு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஃப்ரீலான்சர் எழுதிய கோடு, எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்காத வரை பொதுவாக அவருடையதே. அந்தப் பத்திரத்திலும் காலமும் எல்லையும் குறிப்பிடாவிட்டால், பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி ஐந்து வருடத்துக்கு, இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்ற சொற்கள் இருக்கிறதா என்று பாருங்கள்.

கம்பெனிப் பதிவு

கம்பெனியின் பெயரில் ஒப்பந்தம் கேட்கும் வாடிக்கையாளரோ, முதலீடோ, முதல் சம்பள ஆளோ வரும்போது பதிவு செய்தால் போதும். வெளி முதலீடு வாங்கும் எண்ணம் இருந்தால் எல்எல்பி (கூட்டாண்மை வகை நிறுவனம்) வேண்டாம், அதில் பங்கு வெளியிட முடியாது. பிரைவேட் லிமிடெட்டுக்கு இரண்டு இயக்குநர், இரண்டு பங்குதாரர் வேண்டும்; இருவரே இரண்டு பொறுப்பிலும் இருக்கலாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் (எம்சிஏ) தளத்தில் ஸ்பைஸ் பிளஸ் என்ற பதிவுப் படிவம். பெயர் ஒதுக்கக் கட்டணம் 1,000 ரூபாய், ஒதுக்கிய பெயர் 20 நாள் நிற்கும். மூலதனம் 15 லட்சம் வரை பதிவுக் கட்டணம் இல்லை. ஸ்டாம்ப் டூட்டி, டிஜிட்டல் கையெழுத்து, சிஏ கட்டணம் தனி.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால்: ஏற்கெனவே உள்ள பெயரோடு ஒத்துப்போவது, அல்லது இரண்டு மாதத்துக்கு மேல் பழைய கரண்ட் பில். வாடகை வீட்டு முகவரி கொடுத்தால் ஓனரின் என்ஓசி (ஆட்சேபமில்லை என்ற கடிதம்) வேண்டும். முன்கூட்டியே கேட்டு வையுங்கள், கடைசி நேரத்தில் மறுக்கிற ஓனர்கள் இந்த ஊரில் அதிகம்.

பதிவானதும் 30 நாளுக்குள் ஆடிட்டர் நியமனம். பங்குப் பணத்தை இருவரும் அவரவர் கணக்கிலிருந்து கம்பெனிக் கணக்கில் போட்டு, 180 நாளுக்குள் ஐஎன்சி-20ஏ (தொழில் தொடங்கும் அறிவிப்பு) தாக்கல் செய்ய வேண்டும். வியாபாரமே தொடங்கவில்லையே என்று விட்டால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம். ஆண்டுக் கணக்குப் படிவங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். மத்திய அரசின் ஸ்டார்ட்டப் இந்தியா அங்கீகாரத்துக்குக் கட்டணமில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு டிரேட்மார்க் போட்டால் ஒரு வகுப்புக்கு 9,000-க்குப் பதில் 4,500 ரூபாய்.

கையிருப்பும் முதல் ஆளும்

வீட்டுச் செலவைச் சேர்க்காத கணக்கு கணக்கே இல்லை. இரண்டு வீட்டுக்கும் தலா 45,000, சர்வர் 6,000, சிஏ 5,000, பெட்ரோலும் மெட்ரோவும் 6,000 என்றால் மாதம் 1,07,000. கையில் 12 லட்சம் இருந்தால் 11 மாதம். வசூல் இழுக்கும் என்பதால் இரண்டைக் கழித்து ஒன்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் பிடித்தால் பல மாத வாடகை அட்வான்ஸாக முடங்கும், அதைத் தள்ளிப் போடுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அது இருந்தால் பெரிய கம்பெனி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டி. ஆனால் வட்டி கேட்டு நோட்டீஸ் விட்ட வாடிக்கையாளரிடம் அடுத்த ஆர்டர் எதிர்பார்க்க முடியாது, முன்பணமே நல்லது. ஸ்டார்ட்டப்களுக்கான கர்நாடக அரசின் எலிவேட் திட்டத்தில் 50 லட்சம் வரை மானியம் உண்டு, விண்ணப்பியுங்கள். வரும் வரை அதைக் கையிருப்பில் சேர்க்காதீர்கள்.

முதல் ஆளாக இன்னொரு டெவலப்பரை எடுக்கத் தோன்றும். அதைவிட, பட்டறைக் கணக்கு எழுதிப் பழகிய, கன்னடமும் தமிழும் தெரிந்த ஒருவரை எடுத்தால் பட்டறைகளிலிருந்து வரும் போன்களில் பெரும்பகுதியை அவரே முடித்துவிடுவார். ஸ்பைஸ் பிளஸ்ஸிலேயே பிஎஃப், இஎஸ்ஐ எண்கள் வந்துவிடுவதால் பலர் பதறுகிறார்கள். பொதுவாக இஎஸ்ஐ பத்துப் பேரிலிருந்தும், பிஎஃப் இருபது பேரிலிருந்தும்தான் கட்டாயம். மாதச் சம்பளம் 25,000-ஐத் தொட்டால் கர்நாடக புரொஃபஷனல் டாக்ஸ் மட்டும் முதல் மாதத்திலிருந்தே பிடித்துக் கட்ட வேண்டும்.