வண்டு முதுகின் பளபளப்பை அடக்கிய விதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காண்டாமிருக வண்டுக்கா பஞ்சம், செம்பனைத் தோட்டத்திலிருந்து ராத்திரி அஞ்சடியில், அதாவது வாசல் நடையில், எரியும் விளக்குக்கு அதுவாகவே வந்து விழும். ஆனால் என் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் வைத்தால் முதுகு பூரா எல்இடியின் வெள்ளைப் புள்ளிகள்தான், ஓட்டில் இருக்கும் நுண்குழிகள் தெரியவே தெரியாது.

ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற போலரைசர் ஃபிலிமில் ஒரு துண்டை விளக்கின் முன்னால் ஒட்டினேன், இன்னொன்றை லென்ஸுக்கு அடியில் வைத்தேன், இரண்டு கண்ணுக்கும் போகிற ஒளி அந்த ஒரே துண்டின் வழியாகப் போகும்படி கொஞ்சம் பெரிதாக. மேலே இருப்பதை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் பளபளப்பு சட்டென்று அணையும். மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கிற ஒளி தன் அதிர்வுத் திசையை மாற்றிக்கொள்ளாமல் வருவதால் மேல் ஃபிலிம் அதை மறித்துவிடுகிறது, ஓட்டுக்குள் புகுந்து சிதறி, அந்தத் திசை குலைந்து வருவதில் ஒரு பங்கு மட்டும் தப்பி வருகிறது. பக்கத்தில் குத்திய ஊசி கரிக்கட்டை மாதிரி கறுத்துவிட்டது, உலோகத்துக்குள் ஒளி புகுந்து சிதறாதே!

வெளிச்சம் நிறையவே குறையும், விளக்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஹாலோஜன் என்றால் ஃபிலிமைத் தள்ளி வையுங்கள், சூட்டில் வீணாகிவிடும். அப்புறம், மேல் ஃபிலிமுக்குப் பதிலாக, கேமரா லென்ஸின் முன்னால் மாட்டுகிற சர்க்குலர் போலரைசரை வைப்பதானால் கேமரா பக்கம் இருக்கும் முகம் உங்கள் கண்ணைப் பார்த்து இருக்கட்டும், தலைகீழாக வைத்தால் எவ்வளவு திருப்பினாலும் பளபளப்பு அணையாது.