தாத்தாவின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி: தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு பேத்தி

நல்ல மனுஷன், பக்திமான், யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர். பதினாறாம் நாள் கருமாதியில் எல்லாத் தாத்தாவுக்கும் நாம் இதைத்தான் சொல்கிறோம். முதல் தெவசத்துக்குள் அவர் வாழ்க்கையைச் சிறு புத்தகமாக்க நினைக்கிறீர்களா? இந்த மூன்றையும் எழுதாதீர்கள். அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

என் தாத்தா ஒரு முறைகூடத் தீ மிதித்ததில்லை. ஈஸ்டர் விடுமுறையில் மாரியம்மன் திருவிழா வந்தால், விடியும் முன்பே போய்க் கோயில் அடுப்படியில் பருப்புக்கு உலை வைப்பார். "மிதிச்சவனுக்கும் பசிக்கும், வேடிக்கை பாத்தவனுக்கும் பசிக்கும்" என்பார். பக்தி என்ற தலைப்பில் எங்கள் புத்தகத்தில் இருப்பது அந்தச் சமையல் கதைதான்.

ஆட்களிடமிருந்து தொடங்குங்கள். காகிதம் எங்கும் போகாது, எண்பது தாண்டிய அத்தையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. போனில் பதிவை ஓடவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுங்கள். "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் கருமாதிப் பேச்சுதான் திரும்பவும் வரும். அதற்குப் பதில் ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். எங்கள் அத்தையிடம் வீட்டுப் பின்கட்டில் கிடந்த நீளமான கரண்டியைக் கொடுத்தேன். "ஐயோ, இது கோயிலோடதுடீ! வாங்கிட்டு வந்தவரு திருப்பிக் கொடுக்காமலே போய்ச் சேந்துட்டாரு" என்று தொடங்கியவர், விறகு யார் கொண்டுவந்தார்கள், கமிட்டியில் யாரோடு யார் பேசவில்லை, ஆயா (எங்கள் பாட்டி) ஏன் ஒரு வருஷம் கோயிலுக்கே போகவில்லை என்று மதியச் சாப்பாடு வரை நிறுத்தவில்லை.

பெரியவர்களிடம் வருடம் கேட்டு நச்சரிக்காதீர்கள். "அது கலவரத்துக்கு முன்னாலா, பின்னாலா? அப்போ பவுனா, ரேண்டா? சாட்ஸ்வொர்த்துக்கு வந்தாச்சா? வீட்டில் டிவி இருந்ததா?" என்று கேளுங்கள், பதில் சட்டென்று வரும். (சாட்ஸ்வொர்த், டர்பன் இந்தியர்களைக் குடியேற்றிய புறநகர்.) டர்பன் கலவரம் 1949 ஜனவரியில், பவுன் நாணயம் போய் ரேண்டு வந்தது 1961 பிப்ரவரியில். டிவி ஒளிபரப்பு இந்த நாட்டில் முறையாகத் தொடங்கியதே 1976இல்தான். டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் பெருவெள்ளம் 1987 செப்டம்பர். இவற்றை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒரு வாழ்க்கையையே வரிசைப்படுத்திவிடலாம்.

அடுத்தது பிஸ்கட் டின். நம் வீடுகளில் முக்கியமான எல்லாமே அதற்குள்தான் இருக்கும். தேதி இல்லாத ரசீதில் பவுன், ஷில்லிங் என்றிருந்தால் அது ரேண்டுக்கு முந்தையது. முகவரி மேகசின் பாரக்ஸ் என்றிருந்தால் குடும்பம் அப்போது இன்னும் டர்பன் கார்ப்பரேஷன் குடியிருப்பில் இருந்திருக்கிறது. இன்ன இனத்தவர் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்ற குழுப்பகுதிச் சட்டம் 1950இல் வந்தது. அறுபதுகளில் அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அள்ளிக்கொண்டு வந்தார்கள். புகைப்படங்களின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் ஆயாவின் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும்.

எங்கள் டின்னில் பள்ளிக்கூடக் கட்டட நிதி ரசீதுகள் கட்டாகக் கிடைத்தன, ஒவ்வொன்றும் சில ஷில்லிங்குகள். அந்தக் காலத்து நேட்டாலில் இந்தியப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பல, சனங்கள் திரட்டிய பணத்தோடு அரசாங்கம் பவுனுக்குப் பவுன் போட்டுக் கட்டியவை. ரசீதையும் அதே காலத்துச் சம்பளச் சீட்டையும் ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள். கீழே வள்ளல், தியாகி என்று எதுவும் எழுத வேண்டாம்.

காலமானவரின் சொத்துக் கோப்பில் டெத் நோட்டீஸ் என்று ஒரு படிவம் இருக்கும். பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் எல்லாம் அதில் உண்டு. பாட்டன், பூட்டன் காலத்துக் கோப்புகளுக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள்.

கப்பல் பட்டியலைப் பிறகு பார்க்கலாம். எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்தது முதல் 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை பதிந்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான் இருக்கும். ஆகவே நாயுடு, பிள்ளை, கோவெண்டர் என்று இன்றைய குடும்பப் பெயரைத் தேடாமல், தகப்பன் பெயரையும் கிராமத்தையும் வைத்துத் தேடுங்கள். எண் எழுதிய பழைய சீட்டு வீட்டில் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. எங்கள் புத்தகத்தில் அதை நாங்கள் அச்சிடவில்லை. பெரியப்பாவுக்கு இன்னும் அதில் வருத்தம்தான்.

சாமி விஷயத்தில் கொஞ்சம் பதமாகப் போங்கள். டர்பன் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கிளை காவடி எடுக்கும், இன்னொரு கிளை ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும். எங்கள் சித்தப்பா சபைக்காரர். புரட்டாசி விரதத்தைப் பற்றி அவரிடம் கேட்கலாமா என்று எனக்குத் தயக்கம். அவரோ, தாத்தா தன் ஞானஸ்நானத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததையும், முடிந்ததும் பாஸ்டரிடம் போய் "சாப்பாட்டுக்கு ஏற்பாடு ஆச்சா?" என்று கேட்டதையும் சொன்னார். கோயில் அடுப்படிக் கதைக்கு எதிர்ப்பக்கத்தில் அதை வைத்தோம்.

சண்டைகளையும் விட்டுவிட வேண்டாம். தாத்தாவும் அவர் தம்பியும் பல வருஷம் பேசிக்கொள்ளவில்லை. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுதாமல், பேசவில்லை என்பதை ஒரு வரியில் எழுதினோம். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய பகுதியை மட்டும் அவர்களிடம் முன்கூட்டியே படித்துக் காட்டுங்கள். சின்னத் தாத்தா கேட்டுவிட்டு ஒரு திருத்தம்தான் சொன்னார், சண்டை நிலத்துக்காக இல்லையாம், ஒரு சைக்கிளுக்காகவாம்.

மொழிக்கு என் யோசனை இது. பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் படிக்க வராது, ஆகையால் கதையை ஆங்கிலத்தில் எழுதுங்கள். தாத்தா பேசிய வாக்கியங்களையும் அவர் பாடிய தேவாரத்தையும் தமிழ் எழுத்தில் அப்படியே போட்டு, உச்சரிப்பைக் கீழே கொடுங்கள். பதிவுகளைப் பென் டிரைவில் போட்டுக் கூடவே கொடுங்கள்.

நாற்பது பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், கனமான புத்தகம் கண்ணாடி அலமாரிக்குத்தான் போகும். அட்டை கெட்டியாக இருக்கட்டும். கடைசியில் சில பக்கங்களைக் கோடு மட்டும் போட்டு விடுங்கள், தெவசத்தன்று யாராவது பேனா கேட்பார்கள். ஒரு பிரதி கோயில் கமிட்டிக்கு. நாங்கள் கொடுக்கப் போனபோது கரண்டியையும் எடுத்துப் போனோம். புத்தகத்தை வாங்கிக்கொண்ட செயலாளர், "கரண்டி நீங்களே வச்சுக்குங்கம்மா, இப்போ எல்லாம் ஸ்டெயின்லஸ் ஸ்டீல்" என்றார்.