பைப் புகையிலை: மலையில் ஒரு பதம், சேலத்தில் ஒரு பதம்

வாரத்தில் பாதி நாள் எனக்கு ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கத்துக் காபித் தோட்டத்தில் போகும், மீதி நாள் சேலம் அஸ்தம்பட்டி வீட்டில். நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சாலை, அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இந்தச் சின்ன தூரத்துக்குள் ஒரே டின்னில் இருந்து எடுத்த புகையிலை மேலே ஒரு மாதிரியும் கீழே வேறு மாதிரியும் எரியும். ஐப்பசி மழையில் ஏற்காட்டில் பைப்பைப் பற்ற வைத்தால் நாலு இழுப்பில் அணைந்துவிடும், தண்டுக்குள் கொளகொளவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்கும். அதே புகையிலை சித்திரை வெயிலில் சேலத்தில் தொட்டாலே பொடிந்து, விறுவிறுவென்று எரிந்து வாயைச் சுடும். இரண்டுக்கும் காரணம் ஈரம்தான். அன்றாடம் பிடிப்பதற்கு எடுத்து வைக்கும் புகையிலையின் ஈரத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை எழுதுகிறேன். வருஷக்கணக்கில் முதிர வைக்கும் கதை வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகையிலை உடம்புக்குக் கெடுதல், பைப்பும் அப்படித்தான். புகையை நெஞ்சுக்குள் இழுக்காதவர்களுக்கும் வாய்ப் புற்றுநோய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் உண்டு. இதுவரை தொடாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம்.

சரி, ஈரத்துக்கு வருவோம். புதிதாகத் திறந்த பல டின்களில் 18, 20 சதவீதம் வரை ஈரம் இருக்கும். கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தாலும் இலை உடையக் கூடாது, டின்னுக்குள்ளேயே மெல்ல முதிர வேண்டும் என்பதால் ஈரமாகவே அடைக்கிறார்கள். ஆனால் பிடிப்பதற்கு ஏற்றது 12 முதல் 14 சதவீதம். அதற்கு மேல் போனால் நெருப்பின் சூடு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். அணைந்து அணைந்து போகும், நாமும் விடாமல் பலமாக இழுப்போம், சூடான நீராவி நேராக நாக்கில் வந்து படும். நாக்கு எரிகிறது என்று பிராண்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, டின்னைத் திறந்த கையோடு பைப்பில் போட்டீர்களா என்பதைத்தான்.

இந்தச் சதவீதத்தை அளக்கக் கருவி ஒன்றும் தேவையில்லை. எங்கள் தோட்டத்துக் களத்தில் காபிக் கொட்டை காயும்போது பழைய மேஸ்திரிகள் ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு வெயில் வேணுங்க" என்பார்கள். ஈரம் பார்க்கும் மீட்டர் வந்த பிறகும் அவர்கள் சொன்னதும் மீட்டர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துத்தான் போகும். புகையிலைக்குப் பல் வேண்டாம், விரல் போதும். ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தி விடுங்கள். கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் அதிகம். மொறுமொறுவென்று நொறுங்கினால் காய்ந்துவிட்டது. அழுத்தும்போது அடங்கி, விட்டதும் மெல்ல நிமிர்ந்து பிரிந்தால் அதுதான் பதம். சந்தேகமாக இருந்தால் காய்ந்த பக்கமே சாயுங்கள். கொஞ்சம் காய்ந்ததை மெதுவாக இழுத்துச் சமாளித்துவிடலாம், ஈரமானதை எப்படி இழுத்தாலும் சரிப்படாது.

வெனிலா, செர்ரி வாசனை ஏற்றிய வகைகளில் மட்டும் விரல் ஏமாறும். ஈரம் பிடித்து வைக்கவும் பூசணம் வராமல் இருக்கவும் புரொப்பிலீன் கிளைக்கால் சேர்க்கும் வழக்கம் அவற்றில் அதிகம். எவ்வளவு நேரம் பரப்பி வைத்தாலும் தொட்டால் பிசுபிசுப்பாகவே இருக்கும். அதற்காக இன்னும் இன்னும் என்று உலர்த்தக் கூடாது, வாசனைதான் போகும். அரை மணி பரப்பிவிட்டு ஒரு பைப் பற்ற வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்து, பாத்திரம். டின்னையே தினமும் திறந்து மூடாதீர்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் ஊர்க் காற்று உள்ளே போகிறது, மலையில் ஈரத்தைக் கொடுக்கும், கீழே ஈரத்தைப் பிடுங்கும். டின்னைத் திறந்த அன்றே மொத்தத்தையும் ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, அலமாரியில் இருட்டான இடத்தில் வைத்துவிடுங்கள். அதிலிருந்து 12 கிராம் மட்டும் ஒரு சின்ன பாட்டிலுக்கு வரட்டும். ஒரு பைப்புக்கு 2 முதல் 3 கிராம் பிடிக்கும், ஒரு நாளைக்கு இரண்டு என்றால் இது இரண்டு மூன்று நாளைக்கு வரும். உலர்த்துவது, ஈரம் ஏற்றுவது எல்லாம் இந்தச் சின்ன பாட்டிலோடுதான். பெரிய ஜாடியில் இருப்பது வாங்கியபடியே இருக்கட்டும்.

ஊறுகாய் பாட்டிலை என்னதான் கழுவினாலும் மூடி ரப்பரில் பூண்டும் பெருங்காயமும் போகாது, அதைத் தொடவே வேண்டாம். காபித் தூள் பாட்டிலும் அப்படித்தான். காபிக்காரனான நானே சொல்கிறேன், அந்த மணம் புகையிலையில் ஏறினால் இரண்டும் கெட்டுப்போகும். எவர்சில்வர் டப்பா பார்க்க இறுக்கமாகத் தெரிந்தாலும் மூடி வழியாகக் காற்று போய் வரும், சேலத்துக் கோடையில் அதில் வைத்தால் சீக்கிரமே வறண்டுவிடும். தோல் பை ஒரு நாளைக்குச் சட்டைப் பையில் கொண்டு போகத்தான். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரும் சில நாளைக்கு மேல் தாங்காது, மெல்லிய பிளாஸ்டிக் வழியாக ஈரமும் வாசனையும் மெதுவாகக் கசியும். ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்துத் திறந்ததும் குளிர்ந்த இலையில் நீர் கோத்துக்கொள்ளும், சாம்பார் வாசனை தனி.

ஏற்காட்டில் உலர்த்துவது கொஞ்சம் வேலைதான். புகையிலை தன்னைச் சுற்றியிருக்கும் காற்றோடு ஒத்துப்போகும் பண்டம். காற்றில் ஈரம் 60, 65 சதவீதம் இருந்தால் இலையும் ஏறக்குறைய நாம் கேட்கும் பதத்தில் வந்து நிற்கும். மழைக்காலத்தில் பனி இறங்கும் நாட்களில் மலையில் அது 90ஐத் தாண்டும். அப்போது தட்டில் பரப்பி ஜன்னலோரம் வைத்தால் உலராது, இருக்கிற ஈரத்தோடு இன்னும் கொஞ்சம் குடித்துக்கொள்ளும். மற்ற நாட்களில் தோட்டத்து நிழலும் ஏரிக் காற்றும் எத்தனை சுகமாக இருந்தாலும், இந்த வேலைக்கு அறையை மூடித்தான் ஆக வேண்டும். நான் செய்வது இது: பழைய 40 வாட் குண்டு பல்பு போட்ட மேஜை விளக்கின் கீழே, ஒரு முழம் தள்ளி, வெள்ளைத் தாளில் மெல்லிசாகப் பரப்பி வைப்பேன். எல்.இ.டி. பல்பில் சூடு போதாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் விரலால் கிளறி, அழுத்திப் பார்த்து, பதம் வந்ததும் பாட்டிலில் போட்டு மூடிவிடுவேன். சூட்டோடு பிடிக்காதீர்கள். ஓர் இரவு மூடிக் கிடந்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்த இலையெல்லாம் ஒரே சீராக வந்துவிடும். அடுப்பு மேடையும் வெதுவெதுப்பான இடம்தான், ஆனால் தாளிப்புப் புகை ஏறும்.

பட்டைப் பட்டையாக அழுத்திய ஃபிளேக் வகையை அப்படியே பரப்பினால் நடு அடுக்கு உலராது. உதிர்த்துவிட்டு உலர்த்துங்கள். மடித்துத் திணித்துப் பிடிப்பவர்கள் இன்னும் ஒரு படி கூடுதலாகக் காய வைக்கலாம், அதில் காற்று போக வழி குறைவு.

விரலில் நம்பிக்கை வரும் வரை தராசை வைத்துப் பழகுங்கள். கொலுசுப் பட்டறைகளில் வெள்ளி நிறுக்க வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு செவ்வாய்ப்பேட்டையில் கிடைக்கும். 20 சதவீத ஈரமுள்ள 12 கிராம் புகையிலையில் ஒரு கிராம் எடை குறைந்தால் ஈரம் 13 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று கணக்கு. இதைச் சில முறை செய்தால் விரலுக்கே அந்த எடை பழகிவிடும்.

சேலத்தில் இந்தப் பாடெல்லாம் இல்லை. கோடையில் ஃபேனைக் குறைத்து வைத்துத் தாளில் பரப்பினால் அரை மணிக்குள் பதம் வரும், கொஞ்சம் அசந்தால் தாண்டியும் போகும். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், வாசனைதான் முதலில் பறக்கும். கீழே உள்ள பிரச்சினை காய்ந்துபோனதை மீட்பது. 10 கிராம் நொறுங்கும் அளவுக்கு வறண்டிருந்தால் அதற்குத் தேவை அரை மில்லி தண்ணீர், சொட்டுக் குழலில் 10 சொட்டு. அதை இலை மேல் நேராக விடாதீர்கள், விழுந்த இடம் மட்டும் ஊறிப்போகும். பூச்சு இல்லாத மண் ஓட்டுத் துண்டு ஒன்றைக் கொதிக்க வைத்து, நன்றாகக் காய வைத்து, அதில் அந்த 10 சொட்டை ஊற விட்டு, ஒரு சின்னத் துணியில் சுற்றிப் பாட்டிலுக்குள் வையுங்கள். ஒரு நாள் விட்டுப் பாருங்கள், போதவில்லை என்றால் இன்னும் 2 சொட்டு. காய்ச்சி ஆறிய தண்ணீர் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருக்கும், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் தண்ணீர் இதற்கானது அல்ல. ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் துண்டு போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், பூசணம் அவற்றில்தான் முதலில் தொடங்கும். பாட்டிலுக்குள் காற்றின் ஈரத்தை 62 சதவீதத்தில் நிறுத்தும் போவேடா பொட்டலங்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன, சின்ன பாட்டிலுக்கு ஒன்று போதும், ஈரத்தைக் கொடுக்கவும் செய்யும் வாங்கவும் செய்யும். ஆனால் விலைக்கு ஓட்டுத் துண்டே எனக்குப் பிடித்தது.

மலைக்கும் கீழுக்கும் பாட்டிலைக் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் குறைவு. சேலத்தில் இறுக மூடியதை மேலே திறந்தால் புஸ்ஸென்று காற்று வெளியே வரும். மேலே மூடியதைக் கீழே கொண்டுவந்தால் மூடி உள்ளிழுத்துக்கொண்டு திறக்கவே வராது. புகையிலைக்கு இதனால் கெடுதல் இல்லை. கத்தி போட்டு நெம்பினால் ரப்பர் கிழிந்துவிடும், வெந்நீரில் பிழிந்த துணியை மூடி மேல் ஒரு நிமிடம் சுற்றி வைத்துத் திருகினால் வந்துவிடும். காரில் டாஷ்போர்டு மேல் வைக்காதீர்கள், இருக்கைக்கு அடியில் வையுங்கள்.

கடைசியாகப் பூசணம். மழைக்காலத்தில் வாரம் ஒரு தரம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபிளேக் மேல் மினுமினுப்பாகப் பொடிப் படிகம் தெரிந்தால் பயம் வேண்டாம், முதிர்ந்த இலையில் அப்படி வருவதுண்டு. பஞ்சு மாதிரி வெள்ளையாகவோ சாம்பலாகவோ இழை ஓடியிருந்தால், மூடியைத் திறந்ததும் மக்கிய வாடை அடித்தால், மேலாக எடுத்துவிட்டு மீதியைப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பாட்டிலில் இருப்பது முழுவதையும் கொட்டிவிடுங்கள், குழந்தைகளும் ஆடு மாடும் எட்டாத இடத்தில், ஏனென்றால் புகையிலையைத் தின்றாலே நஞ்சு. ஓட்டுத் துண்டையும் தூக்கிப் போடுங்கள். பாட்டிலை வெந்நீரில் கழுவி, ரப்பரைக் கழற்றித் தனியாகக் காய வைத்து, சொட்டு ஈரம் இல்லாமல் உலர்ந்த பிறகே அடுத்த 12 கிராமைப் போடுங்கள்.