நான்கு டிராக் கேசட்டைக் கணினிக்கு மாற்றுவது எப்படி?

என் தாய்மாமாவும் அவருடைய நண்பர்களும் 1990களில் ஏற்காட்டில், ஒரு காப்பித் தோட்டக் குடியிருப்பில் அமர்ந்து பதிவு செய்த பதினோரு கேசட்டுகள், சென்ற மழைக்காலத்தில் சேலம் அஸ்தம்பட்டியிலுள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்றைச் சாதாரண டேப் ரிக்கார்டரில் போட்டபோது, கிடாரும் ஆர்மோனியமும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மெதுவாக ஒலித்தன. திருப்பிப் போட்டால் மாமாவின் குரல் பின்னோக்கி ஓடியது. ஈரத்தில் நாடா கெட்டுவிட்டதென்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, பரணிலிருந்த பதிவு இயந்திரத்தைக் கீழே இறக்கச் சொன்னார்.

சாதாரண கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இடம், வலம் என இரண்டு தடங்கள் (டிராக்குகள்); இரு பக்கமும் சேர்த்து நான்கு. 1979இல் வந்த டாஸ்கம் போர்ட்டாஸ்டூடியோ 144 முதலான வீட்டுப் பதிவு இயந்திரங்கள் இந்த நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்துகின்றன. அவற்றுள் பல, தெளிவுக்காக நாடாவை நொடிக்கு 4.76 சென்டிமீட்டருக்குப் பதிலாக ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட்டுகின்றன. ஆகவே அந்தக் கேசட்டைச் சாதாரண டெக்கில் (டேப் ரிக்கார்டரில்) போட்டால் முதல் பக்கத்தில் 1, 2ஆம் டிராக்குகள் பாதி வேகத்திலும், திருப்பிப் போட்டால் இடப்புறம் நான்காவதும் வலப்புறம் மூன்றாவதும் தலைகீழாகவும் கேட்கும். அப்படிப் பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 'ரிவர்ஸ்' கொடுத்து வேகத்தை இரட்டிப்பாக்கலாம் என்றாலும், வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன். காரணம் டி.பி.எக்ஸ். இரைச்சலைக் குறைப்பதற்காக இந்த முறை பதிவின்போது ஒலியை 2:1 என்று சுருக்கி, ஒலிக்கும்போது அதே அளவுக்கு விரிக்கிறது. விரிக்கும் மின்சுற்று இல்லாத டெக்கில் ஒலி கூர்மையாக, மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கிக் கேட்கும். பதிவு செய்த இயந்திரத்தையோ அதே வகை இயந்திரத்தையோ தேடிப் பிடிப்பதே சிறந்தது.

கேசட்டை உள்ளே போடுவதற்கு முன், அதன் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிடுங்கள். பிறகு கைதவறிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்தோடு வாழும் ஏற்காட்டு வீடுகளில், நாடாச் சுருளின் மேல் வெண்ணிறப் பூஞ்சை படிவதுண்டு. அத்தகைய கேசட்டைத் தனியே ஒதுக்கிவையுங்கள்; ஒன்றை ஓட்டினால் அந்தப் பொடி, நாடாவைப் படிக்கும் ஹெட்டின் வழியாக மற்றவற்றுக்கும் போகும். எங்கள் இயந்திரத்தின் ரப்பர் பெல்ட் உருகித் தார்போல ஒட்டிக்கொண்டிருந்ததால், பழைய ஆடியோ கருவிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து மாற்றினோம். ஹெட்டையும் நாடாவை இழுக்கும் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் நீங்களே துடைத்துவிடலாம்.

இணைப்பைப் பொறுத்தவரை, இயந்திரத்தில் நான்கு டிராக்குகளுக்கும் தனித்தனி 'டேப் அவுட்' துளைகள் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. நான்கு உள்ளீடு கொண்ட யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் கருவி) ஒன்றை வாங்கி, ஒரே ஓட்டத்தில் நான்கையும் எடுத்துவிடலாம். விண்டோஸில் நான்கு டிராக்குகளை ஒருசேரப் பதிவு செய்ய நான் ரீப்பர் என்ற மென்பொருளையே விரும்புவேன்; ஆடாசிட்டியின் வழக்கமான பதிப்பில் ஆசியோ (பல உள்ளீடுகளை ஒருசேர எடுக்க உதவும் டிரைவர் முறை) வசதி இல்லாததால் இரண்டுக்கு மேல் எடுப்பது பெரும்பாடு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் நான்கு டிராக்குகளும் நிமிடத்துக்குச் சுமார் 35 மெகாபைட் இடம் பிடிக்கும். ஒலியின் உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இயந்திரத்தில் இடம், வலம் என்று இரண்டே வெளியீடுகள் இருந்தன. எனவே முதல் ஓட்டத்தில் 1, 2ஐயும், அடுத்த ஓட்டத்தில் 3, 4ஐயும் எடுத்துக் கணினியில் ஒட்டவைக்க முயன்று நான்கு இரவுகளை வீணடித்தேன். தொடக்கத்தில் சரியாகப் பொருந்திய தபேலா, பாட்டு முடிவதற்குள் குரலைவிட்டு விலகிப் போயிற்று. நாடா இரண்டு முறையும் மிகச் சரியாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, 0.1 சதவீத வேறுபாடுகூட நான்கு நிமிடப் பாட்டில் கால் நொடியாகிவிடும். போதாததற்கு, டிராக்குகள் தனித்தனி நாட்களில் பதிவானவை என்பதால், இரண்டு ஓட்டங்களுக்கும் பொதுவான ஒலி எதுவுமே இல்லை.

தீர்வு எளிதாக இருந்தது. தாளம் துலக்கமாகக் கேட்கும் ஒரு டிராக்கை (எங்களுக்கு அது முதலாவதான தபேலா) எல்லா ஓட்டங்களிலும் இடப்புறம் வையுங்கள். முதல் ஓட்டத்தில் வலப்புறம் இரண்டாவது, அடுத்ததில் மூன்றாவது, அதற்கடுத்ததில் நான்காவது டிராக்கை வையுங்கள். கணினியில் மூன்று தபேலா அலைகளையும் பெரிதாக்கி, பாட்டின் முதல் அடியும் கடைசி அடியும் விழும் இடங்களை ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையே முதல் ஓட்டத்தில் 240 நொடியும் இரண்டாவதில் 240.24 நொடியும் இருந்தால், இரண்டாம் ஓட்டத்தின் இடம், வலம் இரண்டையும் பிரிக்காமல் ஒன்றாக 0.1 சதவீதம் வேகப்படுத்துங்கள். இங்கே சுருதியைத் தொடாமல் காலத்தை மட்டும் மாற்றும் 'டெம்போ' கட்டளையைப் பயன்படுத்தக் கூடாது. நாடாவின் வேகம் மாறினால் சுருதியும் சேர்ந்தே மாறும் என்பதால் 'ஸ்பீடு' கட்டளைதான் சரி. எல்லாம் பொருந்தியபின் மிகுதியான தபேலாக்களை நீக்கிவிடலாம். கேசட் முழுவதையும் ஒரே நீளமாக வைத்துக்கொண்டு இதைச் செய்யாமல், பாட்டுப் பாட்டாக வெட்டிச் செய்யுங்கள்.

இயந்திரத்தில் சுருதியை மாற்றும் குமிழ் இருந்தால் அதை நடுவில் வையுங்கள். பதிவின்போது அது எங்கிருந்தது என்ற ஐயம் எனக்கு வந்தது. மாமாவிடம் அதே ஆர்மோனியம் இன்னும் இருந்ததால், அதன் ஒரு கட்டையை அழுத்திப் பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தோம்.

பிற்சேர்க்கை: இதைப் பின்பற்றியவர்களில் ஒருவருக்கு எல்லாம் இரட்டை வேகத்தில் வந்ததாம். ஃபாஸ்டெக்ஸ் எக்ஸ்-15 போன்ற சில இயந்திரங்கள் சாதாரண வேகத்திலேயே ஓடுபவை. அவற்றில் பதிவானவற்றுக்கு வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டியதில்லை. இன்னொருவருக்கு இடமும் வலமும் ஒன்றாகக் கலந்து வந்தது. அவர் வயரை மடிக்கணினியின் ஹெட்செட் துளையில் செருகியிருந்தார். அதன் மைக் உள்ளீடு மோனோ. விலை குறைந்ததானாலும் ஸ்டீரியோ லைன் உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். ‘ம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால், முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். எனக்கு அதுவே போதுமாயிருந்தது.