'சுகருக்குப் புது மருந்து' செய்தியை எப்படிப் படிப்பது?
குழந்தைக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் இருக்கிற வீட்டுக்கு இப்படி வாட்ஸ்அப் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். முதலில் பாருங்கள், சோதனை எலியிலா மனிதரிலா? எலி என்றால் விட்டுவிடலாம். மனிதர் என்றால் எத்தனை பேர், என்ன வயது, நோய் எந்தக் கட்டம் என்று தேடுங்கள். டெப்லிசுமாப் மருந்தையே எடுத்துக்கொள்ளுங்களேன்: 2019இல் வெளிவந்த ஆய்வில் மொத்தம் 76 பேர்தான், எல்லாரும் நோயாளிகளின் உறவினர்கள், நோய் இன்னும் முழுதாக வெளிப்படாதவர்கள், அவர்களில் மருந்து பெற்றவர்களுக்கு அது நோயைச் சுமார் 2 ஆண்டுகள் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். 2022இல் அமெரிக்கா கொடுத்த அனுமதியும் அந்தக் கட்டத்தில் இருக்கும், 8 வயது நிறைந்தவர்களுக்கே. ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு அதில் இடமில்லை. அப்புறம், எதைப் படித்தாலும் சரி, இன்சுலினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.